பதினான்கைக் கொடுத்து நாற்பத்தொன்றைப் பெற்றவர்: கிருஷ்ணகிரியின் ஜெர்சி கடை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பெங்களூர் சாலையில் சிறிது தூரம் நடந்து, பக்கத்தில் பிரியும் சந்துக்குள் நுழைந்தால், முன்பக்கம் தையல் இயந்திரங்களும் பின்கட்டில் அச்சு இயந்திரமும் வைத்திருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. "ஜெர்சி தைக்கிற வீடு" என்று கேட்டால் சந்து முனையிலேயே வழி காட்டிவிடுவார்கள். எங்கள் கூடைப்பந்து அணிக்குப் பல ஆண்டுகளாக இங்கேதான் உடை தைக்கிறோம். இருந்தாலும் கடந்த கோடையில் தைத்த 12 செட் உடைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தப் பருவம் எங்கள் மூத்த ஆட்டக்காரரின் கடைசிப் பருவம். அதற்காக இந்தக் கடைக்காரர் செய்த வேலையை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

மூத்தவரை அணியில் எல்லோரும் பெரியண்ணன் என்றே அழைப்போம். வயது 42. அவர் முதன்முதலில் மாவட்ட இளையோர் அணிக்குத் தேர்வானபோது அவருடைய ஜெர்சியின் மார்பில் தர்மபுரி என்று எழுதியிருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு அதே இடத்தில் கிருஷ்ணகிரி என்ற பெயர் வந்தது. வீடு மாறாமல், ஆடும் கோர்ட் மாறாமல், மாவட்டம் மட்டும் மாறிய தலைமுறை அவருடையது. ஊர்ப் பெயர் மாறியபோதும் முதுகில் இருந்த 14 என்ற எண் மாறவே இல்லை.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி, 2014 வரை ஓர் அணியினர் 4 முதல் 15 வரையிலான எண்களையே அணிந்து வந்தார்கள். 12 பேருக்கு 12 எண்கள் என்பது கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றை நடுவர் புள்ளிகளையும் வேறு சிலவற்றையும் விரலால் காட்டப் பயன்படுத்துவதால், குழப்பம் வராமலிருக்க அவற்றை விட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி, மன்ற அணிகள் எல்லாம் அந்த வழக்கத்தில் வளர்ந்தவை. இன்றும் எங்கள் பகுதியில் 4 என்ற எண்ணை அணித்தலைவருக்கு ஒதுக்கும் அணிகளைப் பார்க்கலாம். இப்போது 0, 00, 1 முதல் 99 வரை எதை வேண்டுமானாலும் அணியலாம். ஆனாலும் பெரியண்ணன் 14ஐ விடவில்லை. அதற்கு ஒரே காரணம் டிர்க் நோவிட்ஸ்கி.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த நோவிட்ஸ்கி தம் நாட்டு அணிக்கு 14 என்ற எண்ணோடு ஆடியவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் சார்லஸ் பார்க்லி 14 அணிந்து ஆடியதைப் பார்த்து அந்த எண்ணின்மேல் அவருக்குப் பிரியம் ஏற்பட்டது. 1998இல் அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ராபர்ட் பேக் என்ற மூத்த ஆட்டக்காரர் 14ஐ வைத்திருந்தார். புதிதாக வந்த பையன் கேட்டுப் பறிக்க முடியாது. அதனால் எண்ணைத் திருப்பிப் போட்டு 41 ஆக்கிக்கொண்டார். அந்த 41ஐ அணிந்து ஒரே அணிக்காக 21 பருவங்கள் ஆடினார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வேறு எவரும் ஒரே அணியில் அத்தனை பருவங்கள் ஆடியதில்லை.

கடந்த ஆண்டு எங்கள் அணிக்கு 19 வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஊர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பயிற்சிக்குத் தன் பழைய பள்ளி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வருவான். அதன் முதுகில் 14 இருந்தது. உடைக்கு எண் கேட்டு நான் பட்டியல் எடுத்தபோது, "எதுவா இருந்தாலும் சரிண்ணா" என்றுதான் அவன் சொன்னான். பட்டியலை வாங்கிப் பார்த்த பெரியண்ணன் ஒன்றும் பேசாமல் அவன் பெயருக்கு நேரே 14 என்று எழுதி, தன் பெயருக்கு நேரே 41 என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பட்டியலைத்தான் கடையில் சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. அறுபதைக் கடந்தவர், நாங்கள் அவரை அண்ணா என்போம், அவர் எங்களில் எவரையும் தம்பி என்பார். "தம்பி, பதினாலாம் நம்பருக்கு எப்பவும் எக்ஸ்எல்தானே எழுதுவோம். இந்த வாட்டி எம்னு இருக்கே, கை தவறிடுச்சா?" என்று கேட்டார். ஒவ்வோர் அணிக்கும் அவர் தனி நோட்டு வைத்திருக்கிறார். எண், அளவு, தோள் அகலம், ஷார்ட்ஸின் நீளம் ஆகியவை ஆண்டுவாரியாக அதில் இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா நாற்பத்தொண்ணுக்கு அவரையே ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்க" என்றார். பட்டியலை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. சந்தேகம் தீரும்வரை அச்சிடாமல் நிறுத்தி வைத்ததை இந்தக் கடையின் முதல் தகுதியாக நான் சொல்வேன்.

அந்த எச்சரிக்கைக்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. இங்கே செய்வது சப்ளிமேஷன் அச்சு. கணினியில் வரைந்த உருவத்தை முதலில் ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். வெட்டி வைத்த வெள்ளை பாலியஸ்டர் துணியின்மேல் அந்தத் தாளை விரித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்தினால், மை ஆவியாகி இழைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. துணியின்மேல் தனிப் படலமாக நிற்காததால் அந்த எழுத்து உரியாது, வெடிக்காது; விரலால் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் முன்பாகம், பின்பாகம் என்று துண்டு துண்டாக அச்சிட்டுப் பிறகே தைப்பதால், எண்ணில் பிழை வந்தால் அந்தத் துண்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்துக்கு வேறோர் ஊரில், வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் எண்களை வெட்டி ஒட்டிய ஜெர்சி வாங்கினோம். ஐந்தாறு துவைப்பில் எண்களின் விளிம்பு தூக்கிக்கொண்டது. அரையிறுதி ஆட்டத்தின் நடுவே 8 என்ற எண்ணின் பாதி உரிந்து 3 போலத் தெரிய, களத்தோர மேசையில் கணக்கெழுதும் அலுவலர், ஓர் ஆட்டக்காரரின் தவறை (ஃபவுலை) இன்னோர் ஆட்டக்காரர் கணக்கில் எழுதிவிட்டார். அந்த அனுபவத்துக்குப் பிறகு விலை சற்றுக் கூடினாலும் சப்ளிமேஷன்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

பெரியண்ணன் நேரில் வந்த மாலையில் நானும் உடன் இருந்தேன். கடைக்காரர் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பு, "பந்து போடற மாதிரி கையைத் தூக்குங்க தம்பி" என்றார். அவர் வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மணிக்கட்டை மடக்கி நின்றார். அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, பழைய ஜெர்சியின் அக்குளுக்குக் கீழே துணி இழுபடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார் கடைக்காரர். பையன்களுக்கு உடம்போடு ஒட்டிய வெட்டு பிடிக்கும், அதையே நாற்பதைத் தாண்டியவருக்கும் வெட்டினால் கையைத் தூக்கும்போது ஜெர்சி முழுவதும் மேலே ஏறி ஷார்ட்ஸிலிருந்து வெளியே வந்துவிடும், அதனால் கைக்குழியை இரண்டு விரல் அளவுக்கு இறக்க வேண்டும் என்று விளக்கினார். ஜெர்சியை ஷார்ட்ஸுக்குள் செருகியிருக்க வேண்டும் என்பது விதி என்பதால் இது தோற்றத்துக்கான திருத்தம் மட்டும் அல்ல. பருவம் முழுவதும் பெரியண்ணன் ஒருமுறைகூட ஜெர்சியைத் திரும்பச் செருகிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டுகளில், வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு ரீபவுண்டுக்குப் பிறகும் அதைச் செய்துகொண்டிருப்பார்.

பிறகு எண். முதுகில் உள்ள எண் 16 சென்டிமீட்டர் உயரத்துக்கும், மார்பில் உள்ளது 8 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது. கோட்டின் தடிமன் 2 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். விளம்பரமோ சின்னமோ எண்ணிலிருந்து 4 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இவை கடைக்காரருக்கு மனப்பாடம். எங்களுக்கு உடைச் செலவில் பாதியைக் கொடுத்த மாம்பழ மண்டிக்காரர் தம் கடைப் பெயர் பெரிதாக வர வேண்டும் என்று கேட்டபோது, அளவுகோலை வைத்துக் காட்டி மறுத்தவரும் அவர்தான். 41ஐச் சரியாக நடுவில் வைத்தாலும் அது நடுவில் இருப்பதுபோலத் தெரியாது என்பதை அன்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். 4 அகலம், 1 ஒல்லி. அளந்து நடுவில் வைத்தால் கண்ணுக்கு ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது. எண்ணை வெள்ளைத் தாளில் அச்சிட்டு வெட்டி, பெரியண்ணனின் முதுகில் ஊசியால் குத்தி, அவரைச் சந்தில் பத்தடி நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடியும் நடக்கச் சொன்னார். மூன்றாம் முறை திருப்தியடைந்து, தாளின் ஓரங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். ஒரு செட்டுக்கு 620 ரூபாய் வாங்கும் கடையில் ஒரே ஓர் எண்ணுக்காக இவ்வளவு நேரம் செலவிடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது நாளில் தருவதாகச் சொன்ன உடைகள் பதின்மூன்றாம் நாள் மாலையில்தான் கைக்கு வந்தன. மறுநாள் எங்களுக்கு முதல் ஆட்டம். தையல் வேலை நடக்கும் நாள்களில் அவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ஷார்ட்ஸின் இடுப்புக் கயிறு வெளியே வரும் துளைக்கு வளையம் போடாமல் வெறும் காஜா எடுத்திருந்ததால், மூன்று ஷார்ட்ஸில் கயிறு உள்ளே போய்விட்டது. ஊக்கில் கோத்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அடர்சிவப்பு நிறம் கணினித் திரையில் கண்டதைவிடச் சற்று மங்கலாக வந்திருந்தது. பையன்களில் இருவருக்கு எம் அளவு நெஞ்சில் இறுக்கமாக இருந்தது. பாலியஸ்டர் துவைக்கத் துவைக்கச் சுருங்காது என்பது நல்ல செய்தி. அது தளராது என்பதும் அதே அளவு உண்மை என்பதால், அளவில் சந்தேகம் இருந்தால் ஒரு படி பெரிதாகச் சொல்லிவிடுவதே நல்லது. வெள்ளை, அடர்சிவப்பு என இரண்டு நிறத்தில் ஜெர்சி தேவைப்படும் அணிகள் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்; கோடைப் போட்டிகள் தொடங்கும் சமயத்தில் ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும்கூட இங்கே ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள்.

இனி அந்த உடைகள் களத்தில் எப்படி இருந்தன என்பது. எங்கள் முதல் ஆட்டம் மின்னொளியில் நடந்தது. இரண்டாம் கால்பகுதியில் பெரியண்ணன் உள்ளே வந்தார். முழங்கால் வலியால் அந்தப் பருவத்தில் அவர் தொடக்க ஐவரில் ஆடவில்லை. இரண்டாம் பகுதியில் சில நிமிடங்கள், கடைசிப் பகுதியில் சில நிமிடங்கள் என்று மட்டுமே ஆடினார். வந்த சற்று நேரத்தில் அவர்மேல் தவறு விழுந்தது. நடுவர் மேசையைப் பார்த்துத் திரும்பி, முதலில் புறங்கை தெரியும்படி நான்கு விரல்களையும், பிறகு உள்ளங்கை தெரியும்படி ஒரு விரலையும் காட்டினார். 15க்கு மேற்பட்ட எண்களைப் பத்தாம் இடத்தைப் புறங்கையாலும் ஒன்றாம் இடத்தை உள்ளங்கையாலும் காட்ட வேண்டும் என்பது இப்போதைய முறை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனக்கு 14 காட்டப்பட்டே பழகிய பெரியண்ணன், நடுவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். பிறகுதான் கையை உயர்த்தினார். அடுத்த பகுதியில் நடுவர் 14 காட்டியபோது புதுப் பையனோடு சேர்ந்து அவரும் கையை உயர்த்திவிட்டார். அந்தப் பையன் அவர் கையை மெல்லப் பிடித்து இறக்கினான்.

இந்தப் பருவத்தை நோவிட்ஸ்கியின் கடைசிப் பருவத்தோடு ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை. பெரியண்ணன் 41ஐ எழுதியதே அந்த நினைவில்தான். 2018 ஏப்ரலில் நோவிட்ஸ்கிக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2018–19 பருவத்தின் முதல் 26 ஆட்டங்களை அவர் உட்கார்ந்துதான் பார்த்தார். டிசம்பர் 13 அன்றுதான் களமிறங்கினார். ஆடிய 51 ஆட்டங்களிலும் சராசரியாக 15 நிமிடம் சொச்சமே ஆடினார். அணி 33 ஆட்டங்களில் வென்று 49இல் தோற்றது. ஆனால் அதே பருவத்தில்தான் ஸ்லோவேனியாவிலிருந்து வந்த 19 வயது லூகா டான்சிச் அந்த அணியில் அறிமுகமாகி, ஆட்டத்துக்கு 21.2 புள்ளிகள் என்ற சராசரியோடு சிறந்த புதுமுகம் விருதைப் பெற்றார். டான்சிச் விரும்பிய எண் 7. அதை டுவைட் பவல் வைத்திருந்ததால் இரட்டிப்பாக்கி 77 அணிந்தார். ஒரே அணியில் இருபது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு பையன்கள், விரும்பிய எண் முன்பே ஒருவரிடம் இருந்ததால் அதைத் திருப்பியும் பெருக்கியும் தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் அணியில் மூத்தவரே எண்ணைத் திருப்பிக்கொண்டு இளையவனுக்கு வழிவிட்டார். இந்த வேறுபாட்டை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

இந்திய நேரப்படி 2019 ஏப்ரல் 10 காலையில், டல்லாஸில் நோவிட்ஸ்கி ஆடிய கடைசிச் சொந்தக் கள ஆட்டத்தைப் பெரியண்ணன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அன்று வேலைக்குத் தாமதமாகப் போனதாகச் சொல்லியிருக்கிறார். பீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 40 வயது நோவிட்ஸ்கி 30 புள்ளிகள் எடுத்தார். டல்லாஸ் 120–109 என்று வென்றது. ஆட்டம் முடிந்து நடந்த விழாவுக்குச் சார்லஸ் பார்க்லியே வந்திருந்தார். 14ஐப் பார்த்து ஆசைப்பட்ட பையன் 41ஆக விடைபெறும் இடத்தில், அந்த 14ஐ அணிந்திருந்தவரும் நின்றிருந்தார். மறுநாள் சான் அன்டோனியோவில் 20 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்து அவர் முடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் டல்லாஸ் தோற்றது.

எங்களுடைய கடைசி ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். பெரியண்ணன் எடுத்தது 8 புள்ளிகள். நான்கும் அவருக்கே உரிய 45 டிகிரிக் கோணத்திலிருந்து பலகையில் பட்டு வளையத்தில் விழும் போர்டு ஷாட்கள். அவற்றில் மூன்றுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவன் 14ஆம் எண் பையன். தானே உள்ளே ஓடிப் போட்டிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பில்கூட நின்று, திரும்பிப் பார்த்து, அவர் வந்து சேரும்வரை பந்தைப் பிடித்திருந்தான். பயிற்சியாளர் அதற்காக அவனைக் கடிந்துகொண்டார்; ஆட்ட முறைப்படி அவர் சொன்னது சரிதான்.

உடைகள் இதுவரை முப்பது முறையாவது துவைக்கப்பட்டிருக்கும். எண்களில் ஒரு கீறல் இல்லை, தோள் தையல் எங்கும் பிரியவில்லை, வெள்ளை ஜெர்சிகளில் சாயம் ஏறவில்லை. வெந்நீரில் ஊறவைக்காமலும் இஸ்திரிப் பெட்டியை வைக்காமலும் இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதைக் கடைப்பிடித்தோம். பாலியஸ்டரில் வியர்வை வாடை தங்கும் என்பதால் ஆட்டம் முடிந்த அன்றே அலசிவிட வேண்டும். பைக்குள் சுருட்டி வைத்த இரண்டு ஜெர்சிகளில் அந்த வாடை இன்னும் போகவில்லை. துணியும் அச்சும் தையலும் கொடுத்த விலைக்கு மிகுதியாகவே இருக்கின்றன. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களும், எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே முடிக்க நினைப்பவர்களும் வேறு கடை பார்ப்பது நல்லது. அளவு கொடுக்க நேரில் போகக்கூடியவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல கடையை நான் அறியேன்.

போன வாரம் அடுத்த பருவத்துக்கான உடைகளைச் சொல்லப் போனோம். பெரியண்ணனும் வந்திருந்தார், இப்போது உதவிப் பயிற்சியாளராக. கடைக்காரர் எங்கள் நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கத்தில் வரிசையாக எண்களை எழுதிக்கொண்டே வந்து, 41இல் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். காலர் வைத்த அரைக்கை டி-ஷர்ட் ஒன்று போதும் என்றார் பெரியண்ணன். கடைக்காரர் அளவுகளைப் பழைய பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார், கைக்குழி இறக்கம் இரண்டு விரல் என்பது உட்பட. எண்ணுக்கான கட்டத்தில் மட்டும் சிறிய கோடு ஒன்று போட்டார்.